கிளட்சை அழுத்தியிருந்த கட்டை

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் உள்ளபடியே. வயது இருபத்திரண்டு. பட்டப்படிப்பு முடித்து வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்கின் காலில் டிராக்டர் ஏறிய வழக்கில் நேற்று முதல் இந்த நிலையத்தில் இருப்பவன் என் தம்பி. என்னை யாரும் அனுப்பவில்லை, நானாக வந்தேன்.

அந்த டிராக்டர் அப்பாவுடையது. அவர் நோயில் விழுந்தபோது வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் நிறுத்தினார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதுவரையும் அதன் பிறகும் யாரும் அதை ஓட்டவில்லை. எங்கள் பின்வாசலும் சித்தப்பா வீட்டுப் பின்வாசலும் அந்த இடத்தைப் பார்த்தே இருக்கின்றன. சித்தப்பா பல தடவை அம்மாவிடம், "இரும்புக்குத்தான் போகும் அண்ணி, என்கிட்ட தள்ளிவிடுங்க" என்று கேட்டிருக்கிறார். தம்பி லைசென்ஸ் வாங்கிய பிறகு, அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்று மெக்கானிக்கை அழைத்து வந்தான்.

நேற்று முன்தினம் காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்தார். முதலில் டேங்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரையும் பழைய டீசலையும் வடித்தார். அதன் பிறகு காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றி எலிக்கூட்டை எடுத்தார். "உங்க வீட்டுல அஞ்சாறு பேர் குடும்பமே நடத்தியிருக்காங்கம்மா" என்றார். அதன் பிறகு புது ஃபில்டர் போட்டு, டீசல் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, தான் கொண்டுவந்த பேட்டரியை இணைத்தார். சாவியைத் திருப்பியும் சத்தம் இல்லை. ஒயர்களை எலி கடித்திருந்தது. கியர் கம்பி துருவில் இறுகி நியூட்ரலுக்கு வரவில்லை, கிளப்பினால் வண்டி உடனே நகரும் நிலையில் இருந்தது. அதன் பிறகு அவர் தம்பியை மேலே உட்காரச் சொன்னார்.

"கிளட்சை முழுசா மிதிச்சுக்கோ தம்பி. காலை எடுத்தே, நான் காலி."

"மிதிச்சுட்டேண்ணே."

நான் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். தம்பியின் இடது கால் மிதியைத் தரைவரை அழுத்தியிருந்தது. செருப்பு வழுக்கும் என்று முன்பே கழற்றி வைத்திருந்தான். மெக்கானிக் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, சாவிக்குப் பதிலாக ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டார். வண்டி ஒரு முழ தூரம் பாய்ந்து நின்றது. சக்கரம் அவருடைய வலது பாதத்தின் மேல் இருந்தது. தம்பியின் கால் அப்போதும் மிதியிலேயே இருந்தது.

சத்தம் கேட்டுச் சித்தப்பா ஓடிவந்தார். அவர் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்து, "அந்தக் கட்டை எங்க?" என்று கேட்டார். அதன் பிறகுதான் சக்கரத்தை நெம்பித் தூக்கக் கை கொடுத்தார். எந்தக் கட்டை என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

தம்பி கிளட்சை விட்டுவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மெக்கானிக்கின் மனைவி புகார் கொடுத்தார். நேற்று காலை தம்பியை அழைத்து வந்தார்கள். அதன் பிறகு நீங்கள் அனுப்பிய வேறு பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் கிளட்ச் எஞ்சினிலிருந்து பிரியவில்லை, உள்ளே தட்டு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது என்றார். சித்தப்பா, "அப்படி ஒட்டக்கூடாதுன்னுதான் மிதியை அழுத்தி நானும் அண்ணனும் கட்டை முட்டுக்கொடுத்தோம். யாரோ உருவியிருக்காங்க" என்றார். நான் நம்பவில்லை. வண்டி ஓடாவிட்டால் லாபம் அவருக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பின்வாசலில் நின்று சித்தியிடம், "உன் வீட்டுக்காரர் கையைப் பாரு, துரு ஒட்டியிருக்கும்" என்று கத்தினார். நேற்று மாலை இந்த நிலைய வாசலில் காவலர் ஒருவரிடம் சித்தப்பாவைச் சந்தேகப்படுவதாகவும் சொன்னேன்.

கட்டை எப்போது காணாமல் போனது என்று நிரூபிக்க, இன்று காலை என் கைப்பேசியில் பழைய படங்களைத் தேடினேன். எட்டு மாதத்துக்கு முன், வண்டியை விற்க இணையத்தில் விளம்பரம் போடும்படி அம்மா சொல்லியிருந்தார். வீட்டில் படித்தவள் நான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஆறு படங்கள் எடுத்திருக்கிறேன். முதல் படத்தில், ஸ்டியரிங் தண்டுக்கும் மிதிக்கும் நடுவே கட்டை இருக்கிறது. மற்ற ஐந்தில் இல்லை. படத்தில் அசிங்கமாகத் தெரிந்ததால் உருவி விறகுக் குவியலில் போட்டேன். எதற்காக வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. யாரும் வாங்க வராததால் மறந்தும் போனேன்.

படங்களைச் சித்தப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அழிச்சிடு பாப்பா. நான்தான் உருவினேன்னு சொல்லிடறேன். ஊரெல்லாம் சொல்லிட்டீங்க, இனிமே எனக்கென்ன?"

அவர் கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழிக்கவில்லை. கைப்பேசியை இத்துடன் ஒப்படைக்கிறேன். சித்தப்பாவைப் பற்றி நேற்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது எங்காவது எழுதப்பட்டிருந்தால், அதற்குக் கீழேயே இதையும் எழுத வேண்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "அறியாமல் எடுத்துவிட்டேன்" என்று இருந்ததை, "கட்டையை எடுத்தவள் நான்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றவை நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கின்றன.

(கையெழுத்து)