மருக்காரி

அட, மொதல்ல குந்துங்க சாமி. நின்னுக்கினே பேசினா அண்ணாந்து பாத்து எனக்குக் கய்த்து வலிக்குது. அந்த முக்காலி நல்லாத்தான் கீது, ஒடையாது. மைலாப்பூரு லஸ்ஸுல பெரிய வக்கீல் ஐயா வூட்டுப் புள்ள, கால்வாய் ஓரம் என் குடிசையத் தேடிக்கினு வந்துகீறீங்க. சேத்துல ஜோடு வேற அய்க்காப் பூட்ச்சு. இம்மாந்தூரம் வந்தவரைப் பதில் சொல்லாம அனுப்ப மாட்டேன். வாணாங்கிறதுதான் பதில். இந்த மரு எங்கியும் போவாது.

நீங்க சொன்னதெல்லாம் நல்லாவே காதுல வுயுந்துச்சு. சீமையில படிச்ச டாக்டரு. இரும்புக் குயாய்ல அடைச்சு வச்ச காத்தத் தொறந்து வுட்டா பனியாக் கொட்டும். அத்தக் கட்டியா அமுக்கி மரு மேல வச்சா அந்த எடமே மரத்துப் பூடும். அப்பால கொப்புளம் கட்டி, பொருக்குத் தட்டி, தானா வுயுந்துடும். கத்தி இல்ல, ரத்தம் இல்ல. செலவு உங்களுது. மோட்டாருல இட்டுக்கினு போய் மோட்டாருலயே கொண்டாந்து வுடுவீங்க. எல்லாம் சோக்காத்தான் கீது. ஆனா என் மேல இம்மாங் கரிசனம் திடீர்னு எங்கேர்ந்து வந்துச்சு, அத்தச் சொல்லுங்க.

பாவம்னு தோணிச்சா? மார்க்கெட்டுல என்னைப் பாக்கறப்பல்லாம் மனசு கேக்கலியா? சரி. எம் பக்கத்துல கருணைக்கெயங்கு விக்கிறான் நாகராஜு, அவனுக்கு மூக்கு மேலயே ஒண்ணு தொங்குது. மூக்கச் சிந்தறப்ப அவன் படற பாட்டப் பாக்க முடியாது. அவனுக்கு ஒரு ஜட்காவாச்சும் அனுப்பினீங்களா? என்னுது காதோரம், தம்மாத்தூண்டு, மொளகு கணக்கா கீது. அது யாரை இன்னா பண்ணுது?

நான் கொயந்தையா இருந்தப்பவே இத்தப் போக்கடிக்க எங்கம்மா பண்ணாத வைத்தியம் இல்ல. முத்தம்மான்னு உங்க வூட்டுல பத்துப் பாத்திரம் தேய்ச்சுக்கினு இருந்துச்சே, அதான் எங்கம்மா. நீங்க அப்ப அரைஞாணோட ஓடிக்கினு இருந்த வயசு. ஜட்காக் குதிரை வால்ல முடி புடுங்கி மருவ இறுக்கிக் கட்டுச்சு. வீங்கி ஜொரந்தான் வந்துச்சு. அம்மான் பச்சரிசிச் செடிய ஒடிச்சு அந்தப் பாலத் தடவுச்சு. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் கொயச்சு வச்சுச்சு. சுத்தித் தோலு வெந்து பூட்ச்சு, மரு மட்டும் அப்டியே குந்திக்கினு இருந்துச்சு. வெள்ளிக்கெயமையானா கபாலி கோயில் கொளத்துல உப்பும் மொளகும் போடும், உப்பு கரையறாப்புல மருவும் கரையணும்னு வேண்டிக்கினு. ஊருல எல்லாரும் ஒரு தபா போட்டுட்டு வூடு போய்ச் சேருவாங்க. எங்கம்மா வாராவாரம் போட்டுச்சு, போட்டுட்டு அங்கயே படியில குந்தி அயும். ஒரு மருவுக்கா இந்த அயுகைன்னு எனக்குப் புரியல. என் முடியக் காத மூடி வாரி வுடும். உங்க தெருவுக்கு மட்டும் என்னை இட்டுக்கினு வராது. ஒரு நாள் நானா ஓடியாந்து உங்க கொல்லைக் கதவாண்ட நின்னேன். அன்னிக்கு வாங்கின அடி இன்னும் மறக்கல.

அப்ப வெக்கமாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. இப்ப இல்ல. தண்ணித்தொற மார்க்கெட்டுல போய் தேவானை எங்க குந்துவான்னு கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது. மருக்காரி கீரைன்னு கேளுங்க, போறவன் வர்றவன்லாம் கையக் காட்டுவான். மருக்காரி கிட்ட வாங்கினா மண்ணு இருக்காதுடின்னு மாட வீதி மாமிங்க சொல்லி அனுப்புறாங்க. இது எம் மூஞ்சி சாமி. இத்த வச்சு நான் சம்பாரிச்ச பேரு அது. நீங்க பனிக்கட்டிய வச்சுத் தேய்ச்சு எடுக்கறதுக்கு நான் குடுக்க மாட்டேன்.

ஓ, இப்பத்தான் மெய்யாலுமே விசயத்துக்கு வர்றீங்க. தங்கச்சிக்கு வரன் வந்துகீதா? நல்ல சேதி, சந்தோசம். மாப்ள வூடும் மைலாப்பூருதானா? அப்ப அவங்களும் கீரை வாங்க மார்க்கெட்டுக்குத்தான் வருவாங்க. வரட்டுமே. கீரைக்காரிக்குக் காதோரம் மரு கீதுன்னு வக்கீல் வூட்டுக் கண்ணாலம் நின்னு பூடுமா இன்னா?

தலையக் குனியாதீங்க. நான் ஒண்ணும் கேக்கல. சொத்து கேக்கல, சோறு கேக்கல. பெரிய ஐயா ஒரு தபா மார்க்கெட்டுக்கு வந்தாரு. எங்கம்மா செத்த வருசம். என் முன்னால வந்து நின்னாரு. அவரு என் காதோரம் பாத்தாரு, நான் அவரு காதோரம் பாத்தேன். மொளைக்கீரை இன்னா வெலைன்னு கூடக் கேக்காம திரும்பிப் பூட்டாரு. அன்னிக்கும் நான் வாயத் தொறக்கல. எங்கம்மா சாவுற வரைக்கும் யாரு பேரையும் சொல்லல, நானும் கேக்கல.

வேர்வை கொட்டுது பாருங்க, அந்தத் தலப்பாவக் கொஞ்சம் தூக்கி வுடுங்க. காது வரைக்கும் இய்த்து வுட்டு மறைச்சு இனிமே இன்னா ஆவப் போவுது? நேத்தே மார்க்கெட்டு பூரா அதே பேச்சுதான். அந்த டாக்டரு கிட்ட நீங்கதான் மொதல்ல பண்ணிக்கினீங்க. உங்க மரு வுயுந்துச்சு, ஆனா அந்த எடம் வெள்ளை வெளேர்னு ஆயிப்பூட்ச்சு. இத்தினி வருசமா உங்க மருவையும் என் மருவையும் சேத்து வச்சு யாரும் பாக்கல சாமி. இப்ப வக்கீல் புள்ள ஏன் அத்த எடுத்துக்கினாருன்னு கேக்கறாங்க. கேட்டுட்டு நேரா என் மூஞ்சியப் பாக்கறாங்க. நானும் எடுத்துக்கினு வந்து குந்தினா, ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல வெள்ளைத் தழும்பு. அப்பால கேக்கக்கூட மாட்டாங்க, அவங்களுக்கே தெரிஞ்சு பூடும்.

கெளம்பிட்டீங்களா? பாத்துப் போங்க, அந்தப் பக்கம் வயுக்கும். கண்ணாலத்துக்குக் கீரை, வாயப்பூ, வாயெல எது வேணும்னாலும் ஆள் அனுப்புங்க. நல்லதாப் பாத்து எடுத்து வைக்கிறேன், காசு வாங்க மாட்டேன். எனக்குந்தானே அவ தங்கச்சி.