மந்திரி வேஷம்

என் குரல் கணீரென்று இருக்கும், வக்கீல் சார். நானாகச் சொல்லவில்லை, ஆலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாக நான் பேசிய வசனம், "அரசே, குற்றவாளியைக் கொண்டுவந்திருக்கிறோம்." அவ்வளவுதான். ஆலையின் ஆண்டுவிழாவில் வருடா வருடம் அதே பழைய நாடகம். அதில் நான் இரண்டாவது காவலாளி. முதல் காவலாளிக்குக்கூட இரண்டு வசனம். குப்பை வாளியைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி, "காவலாளி, குற்றவாளியக் கொண்டுபோங்க" என்பாள்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அரசன் ஒரு கொலையைச் செய்துவிட்டுப் பழியைத் தோட்டக்காரன் மேல் போடுகிறான். தூக்கு ஓலையில் முத்திரை வைக்கச் சொல்லி மந்திரியிடம் நீட்டுகிறான். மந்திரி மோதிரத்தைக் கழற்றி அரசன் காலடியில் போட்டுவிட்டுத் தானே தூக்குமேடைக்கு நடக்கிறார். அந்த இடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். நான் ஈட்டியும் கையுமாக ஓரத்தில் நின்று மந்திரி வசனத்தை உதட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பேன். அரசன் எங்கள் மேனேஜர். யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்வதும் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பெண்களும் பிழைக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி என்பதால் விசாரணை அறிக்கை எழுத வேண்டியவன் நான். உங்கள் கட்சிக்காரன், அந்த லிஃப்ட்காரன், வடம் நைந்துவிட்டது என்று பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருந்தான். மூன்றின் கீழும் 'பிறகு பார்க்கலாம்' என்று மேனேஜர் கையெழுத்து.

மேனேஜர் கூப்பிட்டார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேன், அதற்கான வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம். பதிவேட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "லிஃப்ட்காரன் அளவுக்கு மீறி சரக்கு ஏத்திட்டான்னு எழுதிட்டா முடிஞ்சுபோச்சு. அப்புறம் சார், நம்ம மந்திரிக்கு மாற்றலாயிடுச்சு. உங்க குரலுக்கு அந்த வேஷம் எடுப்பா இருக்கும்ல?" என்றார்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்னென்னவோ கேட்கலாம். நான் கேட்டது, "ஒத்திகை எப்போ ஆரம்பிக்குது?"

அன்று மாலையே அறிக்கையை முடித்துவிட்டேன். பதிவேட்டில் அவன் எழுதியிருந்த அந்த மூன்று பக்கங்களையும் ஸ்கேல் வைத்துக் கிழித்தேன், ஓரத்தில் பிசிறு தெரியாமல். பாதுகாப்பு அதிகாரி இல்லையா, எதிலும் ஒழுங்கு வேண்டும். அறிக்கை ஆலையின் பெயரில் போனது, அதை வைத்து லிஃப்ட்காரனை உள்ளே தள்ளினார்கள். எழுதிய கை யாருடையது என்று வெளியே தெரியாது.

போன வருட நாடகத்துக்கு லிஃப்ட்காரன் மனைவி வந்திருந்தாள். மேனேஜரிடம் மனுக் கொடுக்க வந்தவளை யாரோ உட்கார வைத்துவிட்டார்கள். நான் மோதிரத்தைக் கழற்றிப் போட்டதும் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு அரிதாரம் கலைக்கிற அறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்காகவே நீங்க பேசின மாதிரி இருந்துச்சு. நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது உறுத்தல் இல்லை. அதுவரை யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

அவள்தான் உங்களை அனுப்பியிருக்கிறாள், அந்த மந்திரி அண்ணன் பொய் சொல்லமாட்டார் என்று. பார்த்தீர்களா, நான் பொய் சொல்லவில்லை. பக்கங்கள் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. எரிக்க மனம் வரவில்லை, அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. அவற்றைக் கொடுத்தால் அவன் வெளியே வருவான், மேனேஜரும் நானும் உள்ளே போவோம். நியாயம்தான்.

நாளைக் காலை தீர்ப்பு, அதனால் இன்றே கொடுங்கள் என்கிறீர்கள். அங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். நாளை மாலை நாடகம். அரசனையும் மந்திரியையும் பிடித்துக்கொண்டு போய்விட்டால் மேடையில் யார் நிற்பது? நாளை மறுநாள் நானே கொண்டுவந்து தருகிறேன். பத்து வருடம் என்று தீர்ப்பு வந்தாலும் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதே. நான் பதினோரு வருடம் காத்திருந்தவன் சார்.

லிஃப்ட்காரன் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் நாளை மாலை அவள் வரவேண்டும், முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருக்கிறேன். அவள் அழுதால்தான் எனக்கு அந்தக் காட்சி சரியாக வரும்.