இடி சிஸ்டர்தான் அடிச்சாங்க

முகத்தைத் திருப்பிக்கணும்னா திருப்பிக்கோங்கம்மா. நான் எந்திரிச்சுப் போகப் போறதில்ல. பெத்த பிள்ளை மண்டை பொளந்து உள்ள கெடக்கும்போது, அடிச்சவளே பக்கத்துல வந்து உக்காந்தா வயிறு எரியத்தான் செய்யும். போலீஸ்கிட்ட ஒண்ணையும் மறைக்கல, அடிச்சேன்னு சொல்லிட்டேன். இந்த அங்கியில காஞ்சு கெடக்குதே, இது அவன் ரத்தம்தான். மாத்திக்கிட்டு வர்றேன்னு கேட்டேன், விடல. காவலுக்கு நின்ன போலீஸ்காரம்மா டீ குடிக்கக் கீழ போயிருக்கு. கன்னியாஸ்திரி எங்க ஓடிடப் போறான்னு ஒரு நம்பிக்கை. அது வந்ததும் அடுத்து உங்களைத்தான் விசாரிக்கணுமாம். அதுக்குள்ள உங்ககிட்ட நாலு வார்த்தை பேசிடணும்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா. சரி. உயிருக்கு பயமில்லன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போச்சு, காதுல விழுந்துச்சுல்ல? தையல் போட்டுக்கிட்டிருக்காங்க. நானும் வேண்டிக்கிட்டேதான் இருக்கேன். அடிச்சுட்டு என்ன வேண்டுதல்னு கேப்பீங்க. செத்துட்டான்னா அது கொலைக் கேஸும்மா, வேண்டாம எப்படி இருக்கிறது?

எங்க வீட்டுல எனக்கு இடி சிஸ்டர்னு பேரு. போர்டுல ஆதரவற்றோர் இல்லம்னு எழுதியிருக்கும், நாங்க வீடுன்னுதான் சொல்லுவோம். எனக்கு மூக்குக்கு மேல கோவம். மடத்துல சேர்ந்தா அடங்கிடும்னு எங்கப்பா நெனச்சாரு. எங்க அடங்குது? வாசல்ல வந்து விழுற ஒவ்வொருத்தரையும் பாத்தா எந்தப் புனிதருக்கும் கோவம் வரும். ஒரு தாத்தாவைப் பெத்த பிள்ளையே கார் ஷெட்டுல கட்டிப் போட்டிருந்தான், கயிறு கணுக்கால் எலும்பு வரைக்கும் எறங்கியிருந்துச்சு. எங்க கண்ணு தெரியாத அம்மா இருக்கே, அதுக்குப் பொறக்கும்போதே கண்ணு போயிடல. சொத்துத் தகராறுல கூடப் பொறந்தவன் சுண்ணாம்பை வெச்சுத் தேய்ச்சிட்டான். எல்லாரையும் மன்னிக்கணும்னு மதர் சொல்லுவாங்க. நான் மொதல்ல குளிப்பாட்டுவேன், மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் யோசிப்பேன்.

உங்க மருமகளையும் நான்தான் குளிப்பாட்டினேன். பஸ் ஸ்டாண்டு பின்னாடி குப்பை மேட்டுல கெடந்தா. தாடை ஒடிஞ்சு ஒரு பக்கமாத் தொங்குது. காதுக்குள்ள எறும்பு. முதுகுல பெல்ட்டுத் தழும்பு மேல தழும்பு, எது பழசு எது புதுசுன்னே தெரியல. தண்ணி ஊத்தக் கையைத் தூக்கினா, ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டா. அடிக்கத்தான் தூக்குறேன்னு நெனச்சிருக்கா. நான் என்ன ஆயுதமா வெச்சிருந்தேன், குளிக்கிற சொம்பு. எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், சொம்புக்கு பயந்தவளை அன்னிக்குத்தான் பாத்தேன். 

தாடைக்குக் கம்பி போட்டாங்க. கம்பியை எடுத்தப்புறமும் ரொம்ப நாள் பேசல. அவ பாட்டுக்கு அடுப்படிக்கு வருவா, காய் நறுக்குவா, அண்டா கிளறுவா. அவ கை பட்டா தனி ருசின்னு எங்க ஆளுங்க தட்டைத் தூக்கிக்கிட்டு முந்தி முந்தி வருவாங்க. மெதுவா என்கிட்ட மட்டும் வாயைத் தெறந்தா. ஒரு புருஷன் இருந்தான்னு சொன்னா, யாரு எவருன்னு சொல்லல. நானும் கேக்கல. தோண்டித் துருவக் கூடாதுங்கிறது எங்க வீட்டு வழக்கம். அவன் எப்படித்தான் மோப்பம் பிடிச்சானோ, இன்னிக்குக் காலைல வந்து நின்னான்.

அவன் தந்திரத்தைச் சொல்லுங்க நீங்களே. தனியா வந்திருந்தா எங்க வாட்ச்மேன் கேட்டைத் தெறந்திருக்கவே மாட்டாரு. உங்களை முன்னாடி நிறுத்தி, கையில ஒரு துணி மூட்டையைக் குடுத்துட்டு, இவன் செவுத்தோரமா ஒதுங்கிட்டான். வயசான அம்மா, கையில மூட்டை, கண்ணுல தண்ணி. எங்க வீட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு வாட்ச்மேன் கேட்டை விரியத் தெறந்துட்டாரு. எங்க பொம்பளைங்களைப் பத்திக் கேக்கணுமா? ஒருத்தி மூட்டையை வாங்குறா, ஒருத்தி பேன் பாக்கக் கொண்டையை அவுக்குறா, ஒருத்தி வெந்நீர் போட ஓடுறா. நீங்க, நான் இங்க இருக்க வரல, என் மகன் வந்துடுவான்னு கையை ஆட்டுறீங்க. வர்றவங்க அத்தனை பேரும் மொத நாள் அதையேதான் சொல்லுவாங்கம்மா. அதனால யாரும் காதுல போட்டுக்கல. எனக்குச் சிரிப்புக்கூட வந்துச்சு. சிரிப்பு அடங்கறதுக்குள்ள மகன் நெசமாவே வந்துட்டான்.

வந்தவன் வாட்ச்மேன் வயித்துல விட்டான் ஒரு உதை. அந்த மனுஷனுக்கு இருக்கிறதே ஒரு கால், கட்டையோட சுருண்டு விழுந்தாரு. இவன் நேரா அடுப்படிக்குப் போயி, அவ முடியைக் கையில சுத்தி, நடு முத்தத்துக்கு இழுத்துட்டு வந்தான். வீட்டுல ஆக்கிப் போட ஆளில்ல, இங்க ஊருக்கே ஆக்கிப் போடுறியான்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறான். அதுவும் எங்க அடிக்கிறான், தாடையில. ஒட்ட வெச்ச எடத்துலயே குத்துறான். நான் போயிக் கையைப் பிடிச்சேன், என்னைச் செவுத்தோட சேத்து அறைஞ்சான். இந்தா, நெத்தி பொடைச்சிருக்குல்ல.

எங்க ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஒருத்தர் ஊன்றுகோலால வெளுக்கிறாரு. ஒருத்தர் பெட்பேனை வீசுறாரு, காலி பெட்பேன்கூட இல்ல. கண்ணு தெரியாத அம்மா சத்தத்தை வெச்சே தவழ்ந்து போயி அவன் கெண்டைக்காலைக் கவ்விடுச்சு. இருந்தது நாலு பல்லு, நாலும் எறங்கிடுச்சு. அவன் உதறின உதறல்ல ரெண்டு தெறிச்சுப் போச்சு, ஆனாலும் விடல. அவன் அதையும் உதைச்சுத் தள்ளிட்டு மறுபடி அவ மேலயே பாயுறான். முத்தம் பூரா ரத்தமும் மூத்திரமும். நாங்க அத்தனை பேர் சேர்ந்தும் அவனை நகத்த முடியல.

அப்பத்தான் நீங்க வாயைத் தெறந்தீங்க. விட்டுடுடா, அவ செத்துடுவாடான்னு கத்தினீங்க. நான் இல்லன்னு சொல்லல, கத்தினீங்க. அவ்வளவுதான், அவளை விட்டுட்டு உங்க பக்கம் திரும்பினான். பெத்தவளாச்சேன்னு ஒரு நொடி யோசிக்கல. கீழ தள்ளி, நெஞ்சு மேல முட்டியை வெச்சு, ரெண்டு கையாலயும் கழுத்தைப் பிடிச்சான். உங்க காலு தரையில அடிச்சுக்குது. கண்ணு பிதுங்கிடுச்சு. அந்த விரல் தடம் இப்ப கன்னிப் போயிருக்கு, முந்தானையை இழுத்து மூடினாலும் தெரியுது. மூடாதீங்கம்மா. போலீஸ்காரம்மா பாக்கட்டும்.

அவன் முதுகு அடுப்படிப் பக்கமா இருந்துச்சு. அண்டா கிளறுற இரும்புத் துடுப்பு, ஆள் உயரம் இருக்கும், கதவோரம் சாத்தி வெச்சிருந்துச்சு. நான் எடுத்தேன். ஓங்கிப் பின்மண்டையில ஒரே போடு. பானை ஒடைஞ்ச மாதிரி ஒரு சத்தம். அப்படியே உங்க மேல சாஞ்சிட்டான். யாரு அடிச்சாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது.

என்னம்மா என் மூஞ்சியையே பாக்கறீங்க? நான்தான் எடுத்தேன். உங்க மருமக முத்தத்துல விழுந்த எடத்துலயே கெடந்தா, எந்திரிக்கவே இல்ல. சரியா வருதா நான் சொல்றது? எங்கயும் இடிக்கலையே?

இடிக்கக் கூடாதும்மா. எங்க வீட்டுல எல்லாரும் சொல்லி முடிச்சிட்டாங்க. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, போலீஸ் கேட்டதும் அத்தனை வாயும் ஒரே மாதிரி பேசிடுச்சு. கண்ணு தெரியாத அம்மா, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், இடி சிஸ்டர்தான் அடிச்சாங்கன்னு சத்தியமே பண்ணிடுச்சு. மதர் மட்டும், நான் ஜெபக்கூடத்துல இருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னுட்டாங்க. அவங்களுக்குப் பொய் வராது. பாக்கி நீங்க ஒருத்தர்தான். மல்லாக்கக் கெடந்தது நீங்க. துடுப்பைத் தூக்கினவ மூஞ்சியை நேருக்கு நேராப் பாத்ததும் நீங்கதான்.

கன்னியாஸ்திரி ஒரு வயசான அம்மாவைக் காப்பாத்த அடிச்சான்னா கேக்கறவங்க கொஞ்சம் யோசிப்பாங்க. பொண்டாட்டி புருஷனை அடிச்சான்னா, பழைய பகை, நேரம் பாத்து தீத்துக்கிட்டான்னு எழுதிடுவாங்க. கட்டுப் போட்டு இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க, அந்தத் தாடையைப் பிடிச்சுக்கிட்டு அவ ஜெயில்ல போய் உக்காரணுமா? எனக்கு ஜெயில் ஒண்ணும் புதுசா இருக்காது, மடத்துல மாதிரி அங்கயும் மணியடிச்சாத்தான் சோறு. பொய் சொன்ன பாவமும் என்னோடயே இருக்கட்டும், ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.

அவ வாயைத் தெறந்தப்ப மொதல்ல என்ன சொன்னா தெரியுமா? அவனைப் பத்தி இல்ல, உங்களைப் பத்தி. அவரு பெல்ட்டைக் கழட்டினா, அத்தை எந்திரிச்சுப் போயி ஜன்னலைச் சாத்துவாங்க சிஸ்டர், அக்கம்பக்கத்துல கேக்கக் கூடாதுன்னு டிவியைச் சத்தமா வைப்பாங்கன்னு சொன்னா. தாடை ஒடிஞ்ச அன்னிக்கும் டிவி ஓடிக்கிட்டிருந்துச்சாம்.

அழாதீங்க. குத்திக் காட்டணும்னு சொல்லல. அதையெல்லாம் அவ மறந்துட்டான்னு நெனைக்காதீங்க. தன்னை அடிச்சப்ப ஒரு தடவைகூட அவ கையைத் தூக்கினதில்ல. இன்னிக்குக் குத்து வாங்கினப்பகூட தலையைத்தான் மூடிக்கிட்டா. அவன் உங்க கழுத்தைப் பிடிச்சப்பதான் எந்திரிச்சா.

அந்தா, படியேறி வருது. கண்ணைத் துடைங்க. வாங்க மேடம். ஆமா, இவங்கதான் அவனோட அம்மா. தண்ணி வேணுமான்னு கேட்டுக்கிட்டிருந்தேன், வேறொண்ணும் பேசல. கேளுங்க, நீங்களே கேளுங்க.

என் பக்கம் கையைக் காட்டினாப் போதாதும்மா, வாயால சொல்லணுமாம். இன்னும் கொஞ்சம் சத்தமா, மேடத்துக்கு விழல.

சரியாத்தான் சொல்றாங்க மேடம். கெளம்பலாமா?

அம்மா, பையனுக்கு இங்க நர்ஸுங்க இருக்காங்க. அந்த வீட்டுக்குத் தனியாப் போயி உக்காந்துக்கிட்டு இருக்காதீங்க. நேரா எங்க வீட்டுக்குப் போங்க. அவ இருக்கா, சோறு போடுவா.