துணி வெட்டுற கத்திரிக்கோல்

ராமேசுவரம் போகும் பேருந்து உச்சிப்புளியில் வெகுநேரம் நின்றது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் காலிச் சாக்கை மடித்து வைத்திருந்தவர் சொன்னார்:

“எம்மக துணி வெட்டுற கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு கடலுக்குப் பாசி எடுக்க வாரா.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“தையல் படிக்கிற புள்ளதானக்கா? காது கேக்காதவ?” என்றார் பக்கத்தில் இருந்த இளையவர்.

“அவதான். அந்தத் தையல் பள்ளிக்கோடத்துக்கு வெளிநாட்டுலருந்து புள்ளைக வந்துச்சுகளாம். அதுகளுக்கும் காது கேக்காதாம். எல்லாத்தையும் ஒண்ணா மூணு நாளு கடல்ல எறக்கி என்னமோ சொல்லிக் குடுத்திருக்காக.”

“தையல் படிக்கிறதுகளுக்குக் கடல்ல என்னக்கா வேல?”

“அதான் எனக்கும் வெளங்கல. இப்ப நான் பாசியப் பிடுங்குனா கையத் தட்டி விடுறா. அடியக் கல்லோட விட்டுட்டு மேல மட்டும் வெட்டுறா. சாக்கு பாதிதான் நெறையுது.”

“ஏன்னு கேக்க வேண்டியதுதான?”

“கேட்டேன். கல்லத் தொட்டுக் காட்டி, கைய மேல மேல தூக்குறா. திரும்ப வளரும்ங்கிறாளா, வேற எதும் சொல்றாளா, என்னத்தக் கண்டேன்.”

“அந்த வெளிநாட்டுப் புள்ளைக சொன்னது மட்டும் இவளுக்குப் புரிஞ்சிச்சாக்கும்?”

பேருந்து கிளம்பியது. அவர் சாக்கை இன்னொரு மடிப்பு மடித்தார்.

“மூணு நாளும் அதுககூடக் கையாலயே பேசிப் பேசிச் சிரிச்சாளாம். டீச்சர் சொன்னாக. பெத்துப் பதினேழு வருசமாச்சு, எங்கிட்ட ஒருநாளும் அப்படிப் பேசுனதில்ல.”