பைக்குள்ளே ஒரு பிரவுன் பெல்ட்

...மரியாதைன்னா அதுக்கு ஒரு அளவு வேணாமாண்ணே? வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு, மூலையில ஒரு எடம் குடு, போதும். இவங்க என்னடான்னா தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறாங்க. சந்தரேம் ஊர்ல இனி நான் கால் வெச்சா ஏன்னு கேளுங்க.

கொஞ்சம் உங்க தூளியை அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா... இல்ல, முட்டி இடிக்குது. நூறு தூளி தொங்குற எடத்துல இருநூறு தொங்க விட்டிருக்கான் இந்தப் படகுக்காரன். நீங்களும் மனாவுஸ்தானே? நல்லதாப் போச்சு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

என் பேர் ஜெனேசியோ. படகு மோட்டாருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறேன். மாசத்துல இருபது நாள் இந்த ஆத்துமேலதான். ஊர் ஊராப் போறவன் சாயங்காலமானா என்ன செய்வான்? குடிப்பான். நான் குடிக்க மாட்டேன். ஜுஜித்சு பண்ணுவேன். எந்த ஊர்ல எறங்கினாலும் பையில கிமோனோ, அதான் அந்த ஜுஜித்சு உடுப்பு, இருக்கும். அங்க இருக்குற அகாடமி வாசல்ல போய் நின்னு, "வெளியூருங்க, இன்னைக்கு ஒரு நாள் சேந்துக்கலாமா"ன்னு கேப்பேன். மாட்டேன்னு எவனும் சொன்னதில்ல. அங்கதான் வினையே.

ஏன்னா, உள்ளூர்க்காரனெல்லாம் வருஷக்கணக்கா ஒருத்தனை ஒருத்தன் பிசைஞ்சு அலுத்துப் போயிருக்கான். புது மாவு வந்தா சும்மா விடுவானா? மக்காபாவுல ஒரு சின்னப் பய, ஊதா பெல்ட்டு, மீசை கூட சரியா மொளைக்கல. "வாங்க மாமா"ன்னு கூப்பிட்டான். அவ்வளவு பாசமாக் கூப்பிட்டுட்டு என் விலா எலும்பை உக்காந்தே நொறுக்கிட்டான். மூணு வாரம் நான் தும்மலைண்ணே. தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு கடவுளைக் கூப்பிடுவேன்.

உங்களுக்கு ஜுஜித்சு தெரியாதில்ல? பரவால்ல, சுலபம். ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கழுத்தையோ கையையோ முறுக்கணும். வலிச்சா தட்டணும், விட்டுடுவாங்க. அவ்வளவுதான் வித்தை. மீதியெல்லாம் பெல்ட்டு. வெள்ளை, நீலம், ஊதா, பிரவுன், கறுப்பு. இதுல ஒரு சட்டம் உண்டு, அதைக் கேட்டுக்குங்க. சின்ன பெல்ட்டுக்காரன் பெரிய பெல்ட்டுக்காரனை "வா ஒரு கை பாக்கலாம்"னு கூப்பிடக் கூடாது. பெரியவன்தான் கூப்பிடணும். சமமான பெல்ட்டுன்னா யார் வேணா யாரை வேணா கூப்பிடலாம், மாட்டேன்னு சொல்றது அசிங்கம்.

நான் நீலம். பன்னெண்டு வருஷமா நீலம். எங்க வாத்தியார் அதெமார்கிட்ட கேட்டா, "ஜெனேசியோ, உனக்கு இன்னும் பொறுமை வரலை"ங்கறார். பன்னெண்டு வருஷம் ஒரே நெறத்துல நிக்கிறவனுக்குப் பொறுமை இல்லையாம். இது எந்த ஊரு நியாயம்?

அப்போ யோசிச்சுப் பாருங்க. நீலம் கட்டிக்கிட்டு வெளியூருக்குப் போனா, அங்க இருக்குற பாதிப் பேர் என்னைக் கூப்பிடலாம். அதே பெரிய பெல்ட்டுன்னா? ஒருத்தனும் கூப்பிட முடியாது. நானாப் பாத்து, வத்தலா, வயசானவரா, மூச்சு வாங்குற ஆளா ஒருத்தரைக் கூப்பிட்டுக்கலாம். உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

அதான்... பெலேம்ல ஒரு கடையில வாங்கினேன். பிரவுன். கடைக்காரன் இடுப்பளவைத் தவிர ஒரு வார்த்தை கேக்கல.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. ஊர்ல கட்டுறதில்ல, பிரயாணத்துக்கு மட்டும்தான். நீங்க வீட்டுல போடாத செருப்பை வெளியூருக்குப் போடுறதில்லையா? அந்த மாதிரி. நாலு ஊர்ல ஒரு தொந்தரவும் இல்ல. போனேன், ஒரு தாத்தாவைக் கூப்பிட்டேன், கை குலுக்கினேன், வந்தேன்.

சந்தரேம்லதான் மாட்டினேன். முந்தாநாள் சாயங்காலம். துறைமுகத்துக்குப் பின்னாடி, மீன் கிடங்குக்கு மாடியில ஒரு அகாடமி. வாத்தியார் பொம்பள, கறுப்பு பெல்ட்டு, பேரு ஜுசிலேனி. அம்பது கிலோ இருந்தா அதிகம். நான் பிரவுனைக் கட்டிக்கிட்டு உள்ள வந்ததும் அந்தக் கூடமே எழுந்து நிக்குது. ஒருத்தன் விசிறியை என் பக்கம் திருப்புறான். ஒருத்தி குப்புவாசுப் பழ ஜூஸ் கொண்டாந்து குடுக்குறா. சரி, இன்னைக்கு நமக்கு நல்ல நாள்னு நெனச்சேன். சின்ன அகாடமின்னா அங்க வேற பெரிய பெல்ட்டே இருக்காதுன்னு எனக்குத் தோணவேயில்ல பாருங்க. கறுப்புக்கு அடுத்து நான்தான். வரிசையில என்னைக் கொண்டுபோய் முதல்ல நிறுத்திட்டாங்க. அப்புறம் அந்தம்மா சிரிச்சுக்கிட்டே வந்து, "விருந்தாளி என்னோடதான்"னுட்டாங்க. கறுப்பு கூப்பிட்டா பிரவுன் போயே ஆகணும். நானா தேடிக்கிட்ட சட்டம்.

கையைப் பிடிச்சதுமே அந்தம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே. கண்ணு ஒரு நொடி நின்னுச்சு. நல்லா ரெண்டு முறுக்கு முறுக்கியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? மெதுவாப் பண்ணாங்க. பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, கழுத்தைத் தொட்டுத் தொட்டு விட்டாங்க. அதுக்கு என் விலா எலும்பு நொறுங்கினதே மேல்.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்க தூக்கத்தைக் கெடுத்திருக்க மாட்டேன். என்ன... தூங்கலதானே? நல்லது.

அன்னைக்கு ஒருத்தருக்கு பெல்ட் குடுக்குற நாள். ஒரிவால்தோன்னு ஒரு பெரியவர், அம்பத்தெட்டு வயசு. கீழ மீன் கிடங்குல ஐஸ்கட்டி தூக்குறவர். ஒவ்வொண்ணும் அறுபது கிலோ, முப்பது வருஷமாத் தூக்குறார். ஜுஜித்சுவுல ஒம்பது வருஷம் வெள்ளை. நடுவுல சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லாம ரெண்டு வருஷம் வரல, கால் எலும்பு உடைஞ்சு ஒரு வருஷம் வரல. அன்னைக்கு அவருக்கு நீலம். டீச்சர் பெல்ட்டைக் கையில எடுத்தாங்க. பெரியவர் என்ன பண்ணார்? என்னைப் பாத்து, "மனாவுஸ்லேருந்து வந்திருக்கீங்க, வாத்தியாரே, நீங்க கட்டிவிட்டா எனக்குப் பெருமை"ன்னுட்டார்.

வாத்தியாரேன்னார்ண்ணே.

டீச்சர் பெல்ட்டைக் குடுக்கல உடனே. என்னையே பாத்தாங்க. சொல்றதுக்கு எடம் விட்டாங்க, எனக்குத் தெரியுது. "நானும் நீலந்தான், மன்னிச்சுக்குங்க"ன்னு ஒரு வரி. வாய்வரைக்கும் வந்துச்சு. நான் என்ன பண்ணேன்... கையை நீட்டினேன். அவங்களும் குடுத்துட்டாங்க.

முடிச்சு ரெண்டு தடவை நழுவிடுச்சு. மூணாவது தடவை எப்படியோ போட்டேன். பெரியவர் என் தோள்ல சாஞ்சு அழுதார். மீன் வாடை, வேர்வை, எல்லாம் சேந்து... அவர் அழுதது என் கிமோனோவுல நனைஞ்சு சில்லுன்னு இருந்துச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சுண்ணே. அப்படியே தரையில விரிச்ச மெத்தை பிளந்து உள்ள வாங்கிக்கிட்டா தேவலைன்னு இருந்துச்சு.

காப்பி வருது பாருங்க. குடிங்க. அந்த பிஸ்கட்டை நனைச்சுத் தின்னுங்க, இல்லன்னா பல்லு போயிடும்.

நேத்து ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. கட்டினவன் பொய்யின்னா கட்டினதும் பொய்யாயிடுமா? ஒம்பது வருஷம் உழைச்சு வாங்கினதை நான் தொட்டுக் கெடுத்துட்டேனா? நீங்க சொல்லுங்க. சொல்லாட்டி பரவால்ல.

பிரச்சனை அதோட நிக்கல. பெரியவர் என் போன் நம்பர் கேட்டார், குடுத்துத் தொலைச்சேன். நேத்து ஓபிதோஸ் தாண்டும்போது சிக்னல் வந்துச்சு, அவர்கிட்டேருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். மூணாம் தேதி மனாவுஸ்ல தங்கச்சி வீட்டுக்கு வராராம். எங்க அகாடமிக்கு வந்து, "வாத்தியார்கிட்ட ஒரு நாளாவது கத்துக்கிட்டுப் போகணும்"கிறார். அங்க அதெமார் முன்னாடி நான் நீலத்தைக் கட்டிக்கிட்டு மூணாவது வரிசையில நிப்பேன். இவர் வந்து எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சு வாத்தியாரேம்பார்.

ஊர்ல இல்லன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். மாமியார் செத்துட்டாங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், ஆனா அவங்களை போன வருஷம் லீவுக்கே சாகடிச்சாச்சு.

அதோ, பரின்தின்ஸ் ஊர் தெரியுது. சிக்னல் வரும். ஒரு உதவி பண்ணுங்கண்ணே. நீங்க கம்பி ஓரத்துல இருக்கீங்க, என் போனை வெளிய நீட்டிப் பிடிங்க. அவர் மெசேஜுக்குக் கீழ இருக்குற மைக் படத்தை அழுத்தியே வெச்சிருங்க. ஒத்திகைதான் பாக்குறேன், எப்படி வருதுன்னு. முடிச்சதும் விரலை இடது பக்கம் இழுத்துட்டா அழிஞ்சுடும். விட்டுடாதீங்க, விட்டா போயிடும். சரியா? பிடிச்சாச்சா?

ம்... ஒரிவால்தோ அண்ணே, நான் ஜெனேசியோ. நான் வாத்தியார் இல்ல. பிரவுனும் இல்ல. அதைக் கடையில வாங்கினேன். நான் பன்னெண்டு வருஷமா நீலம். அடி வாங்க பயந்துக்கிட்டுப் பெருசாக் கட்டினேன். உங்க பெல்ட்டைக் கட்ட எனக்கு யோக்யதை இல்ல. மன்னிச்சுக்குங்க... அவ்வளவுதான். எப்படி இருந்துச்சு? கொஞ்சம் அழுகையாப் போயிடுச்சு இல்ல? இழுத்து அழிச்சுடுங்க, இன்னும் கொஞ்சம் சமாளிச்சு...

என்னண்ணே இது. இடது பக்கம்னு சொன்னேனே. ரெண்டு டிக் விழுந்துடுச்சே. சிரிக்கிறீங்க? இவ்வளவு நேரமா ஒரு வார்த்தை பேசாத ஆளு, பண்ற வேலையைப் பாரு. டிக் நீலமாயிடுச்சு, கேட்டுட்டார். மனுஷன் போனும் கையுமா உக்காந்திருப்பார் போல. பதில் வருது. நீங்க கேளுங்க, எனக்கு வேணாம். இல்ல, குடுங்க, நானே...

சிரிக்கிறார்ண்ணே. நல்லா சிரிக்கிறார். "பெல்ட்டைக் குடுத்தது எங்க டீச்சர், நீங்க முடிச்சுதானே போட்டீங்க? அதுவும் படியெறங்குறதுக்குள்ள அவுந்து போச்சு. வீட்டுல என் சம்சாரம்தான் மறுபடி கட்டிவிட்டா"ங்கறார்.

அப்பாடா. அப்பாடா அண்ணே. இருங்க, இன்னும் இருக்கு... "அப்போ நீங்களும் நீலம், நானும் நீலம். மூணாம் தேதி நான் கூப்பிட்டா நீங்க மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல?"

...

அண்ணே. அந்த ஐஸ்கட்டி எத்தனை கிலோன்னு சொன்னேன்?