எட்டுப் பத்துக்கு ஒரு சாட்சி

லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய மேடையில், காலை நெரிசலில், எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டாள்: “அண்ணை, செத்தவர் இண்டைக்கும் வேலையைத் தொடக்கினா என்ன செய்யிறது?”

அவளுடன் நின்றவருக்கு ஐம்பது வயதைக் கடந்திருக்கும். “விளங்கச் சொல்லு பிள்ளை,” என்றார்.

“நான் வேலை செய்யிற பியூரோவிலை கணினி செய்யிற வேலையளுக்கு ஒரு வரலாற்றுப் பக்கம் இருக்கு. எந்த வேலை, எத்தனை மணிக்கு, ஆர் தொடக்கினது எண்டு காட்டும். மூண்டு கிழமையாக் காலமை எட்டுப் பத்துக்கு யோகன் அண்ணையின்ர பேர் விழுகுது.”

“அவன்ர செத்தவீட்டுக்கு நானும் வந்தனான். உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் ஒன்பதுக்கு முன்னம் வேலைக்குப் போகாதவன்!”

“பகிடி விடாதேங்கோ. அவரின்ர பாஸ்வேர்டையும் அழிச்சாச்சு. தொடக்கினது பியூரோவிலை இருக்கிற என்ர கணினியிலை இருந்தாம். நான்தான் அவரின்ர பேரிலை செய்யிறன் எண்டு எங்களுக்கு மேலை இருக்கிற செஃப் நினைக்கிறார். இண்டைக்கு விசாரிக்கினம், என்ர வேலை போயிடும். அதுக்குத்தான் உங்களைக் கூட்டியந்தனான். எட்டுப் பத்துக்கு நான் இஞ்சை நிண்டதுக்கு நீங்கள் சாட்சி.”

மேடைக் கடிகாரம் எட்டு ஒன்பது காட்டியது. அவள் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து இருவருக்கும் நடுவே பிடித்தாள். வந்த வண்டியில் அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

சற்றுக் கழித்து அவள் தாழ்ந்த குரலில் வாசித்தாள்: “யோகன். எட்டுப் பத்து. முடிஞ்சுது.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ இஞ்சை நிண்டனி எண்டு சொல்லுவன், பிள்ளை,” என்றார். “அவன் எங்கை நிண்டவன் எண்டு மட்டும் என்னட்டைக் கேக்கவேண்டாமெண்டு சொல்லு.”