மகாராஜாவுக்கு ஒரு பத்திரிகை

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. கிருஷ்ணன்கோவில் தாண்டிய ரோடு. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை… கார்க் கண்ணாடி நாலும் ஏற்றித்தான் இருந்தது. அப்படியும் உள்ளே கேட்டது. டங்… ஒரே ஒரு மணி.

வெங்காயம் உரிக்கிற கையை நிறுத்தாதீர்கள். விடிந்தால் முகூர்த்தம், நானூறு இலைக்குச் சமைக்க வேண்டும். உரித்துக்கொண்டே கேளுங்கள்.

கார் ஓட்டியவன் என் கூட்டாளி வேல்பாண்டி. பக்கத்தில் அவன் மச்சான் ஹரிகிருஷ்ணன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சில்லறை வியாபாரம். வாய் மட்டும் மொத்த வியாபாரம். ஹரிகிருஷ்ணனின் தங்கச்சி சிவரஞ்சனி கல்யாணத்துக்கு மதுரையில் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம், சகுனம் சரியில்லை என்று முறிந்துபோயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அம்மா அதற்கும் மேலே. பல்லி கத்தினால் போன காரியத்தை விட்டுத் திரும்பி வந்துவிடுவார். இதுவும் முறிந்தால் அந்தப் பெண்ணுக்கு இனி வரன் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணன்காரனுக்கு மட்டும் உறைக்கவில்லை.

அன்றைக்கு மதுரையில் ஒன்பது வீடு. நடுவில் இருபது நிமிஷம் கிடைத்தது. அந்தக் காலத்துத் தலைநகரத்துக்கு வந்துவிட்டு ராஜா வீட்டைப் பார்க்காமல் போவதா என்று ஹரிகிருஷ்ணன் அரண்மனைக்கு டிக்கெட் எடுத்தான். ஒரு ராஜ்ஜியத்தை இருபது நிமிஷத்தில் பார்த்து முடிக்கிற ரகம் இருக்கிறதே… பாதி நேரம் செல்ஃபி, மீதி நேரம் குறை. புறா எச்சம் போடுவதற்கு இவ்வளவு பெரிய கூரையா என்று கேட்டான்.

வேல்பாண்டி சும்மா இருந்திருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் பூஜை மணி அடித்தால், வழியில் மண்டபத்துக்கு மண்டபம் மணி அடித்து மதுரை வரைக்கும் சேதி வருமாம், அதைக் கேட்ட பிறகுதான் ராஜா இலையில் கை வைப்பாராம் என்று ஊரில் சொல்லுகிற கதையைச் சொன்னான்.

"சோத்துக்கு மணி அடிக்கணும்னு பள்ளிக்கூடத்துப் பய மாதிரி காத்துக் கெடந்தானாக்கும்" என்று சிரித்தான் ஹரிகிருஷ்ணன்.

ஒரு பத்திரிகை மிஞ்சியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. அதில் பேனாவால் 'மகாராஜா, குடும்பத்துடன்' என்று எழுதி, ஆள் இல்லாத சிம்மாசன மேடைப் படியில் வைத்துக் கும்பிட்டான்.

"எல்லாரும் வந்துரணும். இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

அந்த நிமிஷம் ஈரச் சுண்ணாம்பு வாசம் அடித்ததாம்… இப்போதுதான் பூசிய சுவர் மாதிரி. பத்திரிகை வைத்து வாயாலும் அழைத்துவிட்டால் அழைத்ததுதான். அந்தப் புத்திகூட இல்லாத பயல், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டி அந்த மணி கேட்கும் வரைக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி விருந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம், மாடியில் பந்தி. சாம்பார் வாளி என் கையில். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கீழே வாசலில்தான் நின்றார்கள். கடைசி வரிசையில் இருபது இலை போட்டு எல்லாம் வைத்தாகிவிட்டது. முதலில் ஏறி வந்த நாலைந்து பேர் அந்த வரிசை வரை போய், ஆள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று இறங்கிப் போனார்கள்.

என் கண்ணுக்கு ஒரு ஆளும் தெரியவில்லை. சுண்ணாம்பு வாசம் மட்டும் வந்தது…

ஹரிகிருஷ்ணன் வந்தான். "காலியாக் கெடக்கு, எவன்லே உக்காந்திருக்கான்?" என்று நடு இலையில் போய் உட்கார்ந்தான்.

எங்கேயோ கோயில் மணி. டங்… பிறகு இன்னும் கிட்டத்தில் ஒன்று. பிறகு மாடிப்படியில் ஒன்று.

விளக்கு அணையவில்லை, காற்று அடிக்கவில்லை. சரக்… சரக்… இலை மடங்குகிற சத்தம், அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை. இருபது இலையிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. இருபதும் எதிர்ப்பக்கமாக மடங்கியிருந்தன. சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள் மடக்குவது போல. நடு இலையும் அப்படித்தான். அதன்மேல் ஹரிகிருஷ்ணன் கை இருந்தது.

கீழே மாப்பிள்ளையின் அம்மா படியில் கால் வைத்துவிட்டார். குரல் கேட்டது. கல்யாண வீட்டில் அப்படி மடங்கிய ஒரே ஒரு இலையைப் பார்த்தால் போதும், அந்த அம்மா காரை எடுக்கச் சொல்லியிருப்பார். நான் வாளியோடு மரமாக நின்றேன். எனக்கும் வெட்கம்தான், மறைக்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து சிவரஞ்சனி வந்தாள். மருதாணிக் கை. மதுரையில் அண்ணன் யாரை அழைத்தான் என்று வேல்பாண்டி அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு பார்வை பார்த்தாள். அண்ணனை அதற்குமுன் அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அழைச்சது நீ. எலைய மாத்தி மடக்குறது நானா? எந்திரி."

இருபது இலையையும் விரித்து, உட்கார்ந்து சாப்பிடுகிற பக்கமாக ஒவ்வொன்றாக மடக்கினாள். கடைசி இலையை அவள் மடக்கவும் மாமியார் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதற்குள் ஒரு பந்தி முடிந்துவிட்டதா என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கட்டிக் கொடுத்த பெண் வேறு குடும்பம். அவள் தப்பித்தாள்.

விருந்து ராத்திரி அந்தக் கடைசி இலையை எடுத்தபோது அடியில் ஒரு பத்திரிகை இருந்தது. மதுரையில் வைத்த அதே பத்திரிகை. பின்பக்கம் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: 'ஹரிகிருஷ்ணன், குடும்பத்துடன்.' வந்து சாப்பிட்டவர்கள் திருப்பி அழைப்பது முறைதானே. தேதி போடவில்லை. அதுதான் தேதியே இல்லையே என்று பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, ஹரிகிருஷ்ணன் பழையபடி வாய் பேசித் திரிந்தான்.

போன வாரம் வேல்பாண்டி அந்தப் பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறான். எழுத்தெல்லாம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்ததாம். அதற்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு சொல்… தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு.

தேதி இன்னும் இல்லை. கிழமை மட்டும் விழுந்திருக்கிறது. வியாழன்.